அவள் திரும்பி வரும் காட்சி

அத்தியாயம் 14

பைண்டரின் மகள் கணவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியதையும், 'ஆபீசுக்கு இங்கேருந்து போறது பக்கம்பா' என்று ஒரு பொய் சொன்னதையும், அந்தப் பொய்யை அப்பா மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டதையும் இதுவரை பார்த்தோம். 'கண்ணாடிக் கடைக்கார மாப்பிள்ளையை எப்போது கூட்டிக்கொண்டு வரப் போகிறீர்கள்?' என்று உங்களில் பல பேர் கேட்கிறீர்கள். என்னவோ நான்தான் அவரைப் பிடித்து அடைத்து வைத்திருப்பதுபோல. அவருக்கு வர மனசு வேண்டாமா?

இந்த வாரமும் அவர் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. இது அப்பாவின் வாரம்.

அன்று காலை பைண்டர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்துபோன பிறகு அந்தப் பெட்டியைத் தொடுவது அதுதான் முதல் தடவை. காலரில் ஆரம்பிப்பதா, கையில் ஆரம்பிப்பதா என்று தெரியாமல் நடுமுதுகில் ஆரம்பித்திருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் திருகு கழன்று, புத்தகம் தைக்கிற நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மாப்பிள்ளையின் கடைக்குப் போனால் ஒரு நொடி வேலை. போக முடியாத நிலைமை.

"குட்டிம்மா, டிவியில கோடு போட்ட சட்டை போடக் கூடாதாமே? கண்ணு கூசுமாம்?"

"அதெல்லாம் பரவாயில்லப்பா."

சொல்லிவிட்டுக் கதவோரமே நின்றாள். மதியம் அவர் ஸ்டுடியோவுக்குக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். நேற்றிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள்.

விஷயம் இதுதான். ஒரு பழைய, புகழ்பெற்ற நாவலை அவள் வேலை செய்யும் சேனல் தொடராக எடுத்து வாராவாரம் போட்டுக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். படிக்காதவர்கள், படித்ததாகச் சொல்லிக்கொண்டு பார்க்கிறார்கள். கதாநாயகி ஒரு ரோஷக்கார மனிதனின் மனைவி. வாழ்ந்தது போதும் என்று ஒரு மழைநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். போன வாரம் அதைக் காட்டிவிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி.

மகளுக்கு அங்கே பார்வையாளர் கருத்துப் பிரிவில் வேலை. போனில் வருவதையும் எழுத்தில் வருவதையும் பிரித்துத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். கொட்டுகிற மழையில் கிளம்பிப் போனவள் புடவை எப்படி இஸ்திரி கலையாமல் இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். விளம்பரத்துக்கு நடுவே அவ்வப்போது கதை போடுவதற்கு நன்றி என்று இன்னொருவர். இனிமேல் இந்தத் தொடரைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்வதற்காகவே வாரம் தவறாமல் கூப்பிடுகிற ஒரு அம்மாவும் உண்டு. அவர் கூப்பிடாத வாரம் பிரிவில் எல்லாருக்கும் கவலையாகிவிடும்.

போன வாரம் அவள் லீவில் இருந்த ஒரு நாள் பார்த்து அப்பா கூப்பிட்டிருக்கிறார். மகள் பெயரைச் சொல்லவில்லை. 'வெள்ளிக்கிழமை அவ திரும்பி வந்துடுவா. அந்தக் காட்சியை மட்டும் அவசரப்பட்டுக் கெடுத்துடாதீங்க. அதுதான் கதைக்கே உயிர்' என்று நெடுநேரம் பேசியிருக்கிறார். பக்கத்து மேஜைக்காரி ரசித்துக் கேட்டு, அவரையே நேயர் மேடை நிகழ்ச்சிக்குச் சிபாரிசு செய்துவிட்டாள்.

நாவலில் அவள் திரும்பி வருவதே இல்லை.

பிரிவின் மேடத்துக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. "கதையே தெரியாம சண்டை போடற ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் நிகழ்ச்சி சூடு பிடிக்கும். அவர் நல்லாப் பேசட்டும். கடைசியில புத்தகத்தைக் கையில கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்." நேற்று சாயங்காலம் இதைக் கேட்டபோது, அது என் அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அலுவலகப் பிரதியை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர் மேல் தப்பில்லை. அவள்கூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அவளும் அப்பாவும் அந்த நாவலைப் படித்ததில்லை, கேட்டதோடு சரி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா சாயங்கால வேளையில் அச்சான தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து மடித்துக்கொடுப்பார். கை வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இந்த நாவலைப் படிப்பாள். மகள் அம்மா மடியில் தலைவைத்துக் கேட்பாள். முடிந்ததும் சில மாதம் கழித்து அம்மா மறுபடி முதலிலிருந்து படிப்பாள். அம்மா படித்ததில் அந்தக் கதாநாயகி போன கதவு வழியாகவே திரும்பி வருவாள்.

இந்தத் தொடர் ஆரம்பித்தபோது ஆபீசில் அவள் இதைச் சொல்லப்போக, வசனகர்த்தா சிரித்தார். அம்மா பிள்ளைக்காகக் கதையைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொல்லியிருக்கிறாள் போல என்று அவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. மனைவி போன பிறகு அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஒரு காட்சிக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்பா. ஒரு நிமிஷம் உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் பையிலிருந்து அலுவலகப் பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல அவ திரும்பி வரலப்பா. ரயில்வே ஸ்டேஷன்ல நிப்பா. வீட்டுக்குப் போற ரயில் வரும். ஏற மாட்டா. ரயில் போயிடும். அவ்வளவுதான் கதை."

"யாரு சொன்னது?"

"புத்தகம்தான் சொல்லுது."

"போம்மா. மாத்திப் போட்டுட்டாங்க போல இருக்கு. இப்ப வர்ற பதிப்பெல்லாம் அப்படித்தான்."

"இது பழைய பதிப்புதான். நம்ம வீட்டுல இருக்கறதும் இதுவும் ஒண்ணு."

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பைண்டர்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை, முதலில் பிடித்துப் பார்ப்பார்கள். கட்டை விரலை முதுகில் வைத்து மற்ற விரல்களால் வயிற்றுப் பக்கத்தை அழுத்தினார். முகம் மாறியது. எழுந்து உள்ளே போய், அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த மனைவியின் பிரதியை எடுத்துவந்தார். அட்டை தலைகீழாக ஒட்டப்பட்ட பிரதி அது. விற்க முடியாது என்று கடையில் கழித்துப் போட்டதால் வீட்டுக்கு வந்தது.

இரண்டையும் மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"தடிமன் வித்தியாசப்படுது."

"என்னப்பா?"

பதில் சொல்லாமல் பக்கங்களின் அடியில் இருந்த சின்ன எண்களை ஓட்டிப் பார்த்தார். ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சாகி, மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். ஒவ்வொரு பாரத்தின் காலடியிலும் ஒரு எண் இருக்கும். வரிசை தப்பாமல் அடுக்கித் தைப்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

"கடைசிப் பாரம் இல்ல," என்றார். "அடுக்கும்போது விட்டுப்போச்சு. அட்டை தலைகீழா இருக்குன்னுதான் கழிச்சாங்கன்னு நெனச்சேன். உள்ளேயும் குறை. என் கைதான். இந்தத் தையல் என் தையல்தான்."

மகள் அம்மாவின் பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கதாநாயகி கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்தது வெறும் அட்டை.

இப்போதுதான் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் கட்டம் வந்தால் அம்மா பக்கம் புரட்டமாட்டாள். மடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரிந்துதான் இருந்தது, புத்திக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போவாள்.

"அப்போ அவ திரும்பி வந்ததை எழுதினது யாரு?" என்று அப்பா கேட்டார்.

கேட்டுவிட்டு அவரே பதிலைப் புரிந்துகொண்டார். நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அம்மாவின் கதையில் அந்தப் பெண் ஈரக்காலோடு உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, கணவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். 'நான் இல்லாத நாள்ல என்னைத் தேடினீங்களா?' அவன் பதில் சொல்வதற்குள் கதை முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அப்பா தாளை மடித்துக்கொண்டே, 'எழுதினவன் கெட்டிக்காரன்யா, பதிலைச் சொல்லாம விட்டான் பாரு' என்பார். ஒவ்வொரு தடவையும் அம்மா, 'அவன் என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கறீங்க?' என்று கேட்பாள்.

"அதெல்லாம் எழுதினவனைத்தான் கேக்கணும்னு சொல்லுவேன்," என்றார் அப்பா. "ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னேன்."

அவள் அம்மாவின் பிரதியை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதை நான் எந்த வருஷம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்னு தெரியுமா?"

"அம்மாவும் நானும் மாமா வீட்டுல போய் இருந்துட்டு வந்த வருஷம்."

"உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்."

இருந்தது. மாமா வீட்டில் சுவரோரம் போட்ட பாயும், அம்மா சாப்பிடாமல் எழுந்துபோனதும், ஒரு நாள் திடீரென்று 'கிளம்பு' என்றதும் ஞாபகம் இருந்தது. அப்பா வந்து கூப்பிட்டதாக மட்டும் ஞாபகம் இல்லை. அவர் வரவில்லை.

அப்பா குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் அடித்துக்கொண்டார். திரும்பி வந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போக வேண்டாம்பா. அவங்க உங்களை வெச்சு வேடிக்கை காட்டப் போறாங்க. அதைச் சொல்லத்தான் உட்கார வெச்சேன். உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"வரேன்னு சொல்லிட்டேனேம்மா."

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும்," என்றார். பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அருகே போய் அதைச் சரிசெய்தாள்.

ஸ்டுடியோவில் குளிர் எலும்பைத் தொட்டது. மேடையில் அரை வட்டமாக நாற்காலிகள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நூலகர் அம்மா, நாவலைக் கரைத்துக் குடித்தவர், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசையாகப் பார்வையாளர்கள். தொகுப்பாளர் கேமரா விளக்கு எரியும்போது சிரிப்பார், அணைந்ததும் வாட்சைப் பார்ப்பார். மகள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கதாநாயகனின் மீசையைப் பற்றியும் கதாநாயகியின் புடவையைப் பற்றியும் பேசினார்கள். அப்புறம் தொகுப்பாளர் உற்சாகமாகத் திரும்பினார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அவ திரும்பி வருவாளா, மாட்டாளா?"

"வர மாட்டா."

தொகுப்பாளரின் சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. "போன்ல வேற மாதிரி அடிச்சுச் சொன்னீங்களே?"

"இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. எங்க வீட்டுப் புத்தகத்துல வருவா."

"உங்க வீட்டுக்குன்னு தனியா அச்சடிச்சுக் கொடுத்தாங்களா ஐயா?"

பார்வையாளர் வரிசையில் சிரிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் மகள் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பைண்டர். அடுக்கும்போது கடைசிப் பாரத்தை விட்டுட்டேன். எங்க வீட்டுல அதைப் படிச்சவங்க, குறை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. மிச்சத்தை அவங்களே சொல்லி முடிச்சாங்க. அதுல அவ திரும்பி வந்து, நான் இல்லாத நாள்ல என்னைத் தேடினீங்களான்னு கேப்பா. அதுக்கு அவன் பதில் சொல்லலன்னு முடியும்."

"சரிங்க ஐயா. இப்ப உங்க கருத்து என்ன?"

"கருத்தெல்லாம் இல்ல. அந்தப் பதிலைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பார்வையாளர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வேடிக்கையாக ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு.

"அவன் தேடினான்," என்றார் அப்பா. "வேலை முடிஞ்சதும் கையில பசை காயாம தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். அவ அண்ணன் ஊர்லேருந்து வர்ற பஸ்ஸுக்கு நிப்பான். எல்லாரும் இறங்கற வரைக்கும் பாப்பான். டிரைவர் இறங்கினப்புறமும் உள்ளே எட்டிப் பாப்பான். அப்புறம் நடந்தே வீட்டுக்கு வருவான். ஒரு டிக்கெட் எடுத்துப் போயிருக்கலாம். போகல. நானா போகச் சொன்னேன்னு ஒரு ரோஷம். அவ வந்ததுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். வந்துட்டாளே, இனிமே எதுக்குன்னு விட்டுட்டான்."

"ஐயா," என்று தொகுப்பாளர் கையை உயர்த்தினார். "இந்தக் கதை நடக்கற காலத்துல பஸ்ஸே கிடையாதே. ரயில் மட்டும்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். இது நல்ல சிரிப்பு, வயிறு குலுங்கிய சிரிப்பு. நூலகர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் திறந்திருந்த புத்தகத்தை மெல்ல மூடிவைத்தார்.

அப்பாவும் லேசாகச் சிரித்தார். "ஆமா. ரயில்தான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்து மேஜைக்காரி, "பாவம், யாருடி இந்த மனுஷன்?" என்றாள்.

"எங்க அப்பா."

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மேடத்தின் குரல் கேட்டது. "அந்தப் பஸ் ஸ்டாண்ட் பகுதியை வெட்டிடுங்க. ஒண்ணும் புரியல."

"வெட்ட வேண்டாம் மேடம்," என்றாள் மகள். அந்த ஆபீசில் அவள் இப்படிப் பேசியதே இல்லை. "அதுவும் பார்வையாளர் கருத்துதான்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்பாவும் மகளும் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். இறங்கும்போது அவர் பழக்கதோஷத்தில் நின்று, மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் முன்னால் நடந்தாள். அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மேஜையில் இரண்டு புத்தகமும் விட்டுப்போனபடியே இருந்தன.

"கடைசிப் பாரத்தை நகல் எடுத்துத் தரேன். சேர்த்துத் தைச்சுடறீங்களாப்பா?"

"வேண்டாம். அவ முடிச்சபடியே இருக்கட்டும்." மனைவியின் பிரதியைத் துணியில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார். "நீ எதுக்கு வந்தேன்னு நான் கேக்கவே இல்லையேம்மா."

"ஆபீசுக்குப் பக்கம்னு சொன்னேனே."

"மாப்பிள்ளை உன்னைத் தேடினாரா?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியல."

"கேட்டியா?"

"உங்க கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னு அவரோட தம்பிகிட்ட சொல்லி, அவர் காதுல விழற மாதிரி பண்ணினேன். அதைச் சாக்கா வெச்சாவது வருவார்னு பார்த்தேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி, நூல் சுற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்படியே உங்கம்மா," என்றார். "எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கதையில வெச்சுக் கேட்டாப் புரியாதும்மா. தாளை மடிச்சுக்கிட்டே இருப்போம். நேரா கேட்டுடு."

எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு டம்ளர்தான் இருந்தது.

அவள் போனை எடுத்துக் கணவரின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர்தான் பேசினார்.

"மாமா கண்ணாடி சரியாயிடுச்சா?"

காதில் விழுந்திருக்கிறது. விழுந்தும் வரவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணாடி கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. நான் இல்லாத நாள்ல என்னைத் தேடினீங்களா?"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.